பொதிகை உச்சியில் ஆய்வகம் கட்டிய ஸ்காட்லாந்துக்காரர்: யார் இந்த ஜான் ஆலன் ப்ரூன்?

மார்கழி, தை மாசத்துல மழை ஓய்ந்து வானம் தெளிஞ்சிடும். சுரண்டையில் நின்னு மேற்கே பார்த்தா மலைத்தொடர் பளிச்னு தெரியும். குற்றாலத்துக்கும் தெற்கே, பாபநாசத்துக்கு மேலே இதே தொடரில்தான் அகத்தியர் மலை இருக்கு. உயரம் 1,868 மீட்டர். கடைசிப் பகுதி வெறும் பாறை. இப்போதும் கயிற்றைப் பிடிச்சுத்தான் ஏறணும். நம்ம ஊர் ஆட்களும் பெரும்பாலும் குளிர்காலத்துல, கேரளா வழியாகத்தான் போறாங்க.

ஒரு தடவை ஏறி இறங்கவே முட்டி கழன்றுவிடும் இந்த மலையின் உச்சியில், 1855-ல் ஒருவர் அறிவியல் ஆய்வகமே அமைத்தார். அவர் பெயர் ஜான் ஆலன் ப்ரூன்.

யார் இவர்?

1817-ல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊரில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1842 முதல் மேக்கர்ஸ்டவுன் காந்தவியல் ஆய்வகத்தை நடத்தினார். 1852-ல் திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரும் இவர்தான்.

எதுக்காக மலை ஏறினார்?

திசைகாட்டி முள் எப்போதும் வடக்கையே காட்டும்னு நினைக்கிறோம். உண்மையில் அது நாள் முழுக்க மிக லேசாக அசைஞ்சுக்கிட்டே இருக்கும். சில நாள் திடீர்னு அதிகமாகத் தடுமாறும். ஏன் என்பது அப்போது பெரிய புதிர்.

தென்கோடி இந்தியா, பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. அதனால் இந்தச் சோதனைக்கு இது அருமையான இடம். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவி, 6,000 அடிக்கு மேலே இன்னொரு கருவி. உயரம் மாறினால் முள்ளின் அசைவும் மாறுமா? இதைத்தான் ப்ரூன் பார்க்க நினைத்தார்.

நினைப்பது சுலபம். யானைக் காடு, அட்டை, வருஷத்துக்கு இரண்டு பருவமழை, உச்சியில் ஓயாத காற்று. லேசா ஆடினாலே கணக்கு கெட்டுவிடும் கருவிகளை அங்கே ஆள் சுமந்துதான் கொண்டு போகணும். ஒருநாள் அளந்துட்டு இறங்கவும் முடியாது. மணிக்கணக்கு தவறாமல் குறிச்சுக்கிட்டே இருக்கணும்.

என்ன கிடைத்தது?

வெவ்வேறு நாடுகளின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். காந்தத்தின் ஏற்ற இறக்கம் ஓர் ஊரோடு நிற்பதில்லை, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடக்கிறது என்று கண்டறிந்தார். அது சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவதையும் கவனித்தார். சூரியன் தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறக்குறைய அதுதான். ஆக, முள்ளை ஆட்டுவதில் சூரியனுக்குப் பங்கு இருக்கு.

பிறகு?

1865-ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். மலை ஆய்வகமும் நிலைக்கவில்லை. ஆனால் குறிப்புகளை அவர் விடவில்லை. 1852 முதல் 1869 வரையிலான திருவனந்தபுரம், அகத்தியர் மலைப் பதிவுகளைக் கணக்கிட்டு, 1874-ல் பெரிய நூலாக லண்டனில் வெளியிட்டார். 1878-ல் ராயல் சொசைட்டி தன் ராயல் பதக்கத்தை அளித்தது. அடுத்த வருஷமே, மிச்சக் கணக்கை முடிக்காமலே காலமானார். வயது 62.

இப்போ ஏன் இது முக்கியம்?

சூரியப் புயல் வந்தால் செயற்கைக்கோள், ஜிபிஎஸ், மின்கட்டமைப்பு எல்லாம் பாதிக்கும். அதைக் கவனிக்கத்தான் 2023-ல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை இஸ்ரோ அனுப்பியது. திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்திலும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குது. ப்ரூன் கேட்ட அதே கேள்விகளை, அதே மலைத்தொடரின் அடிவாரச் சீமையில் இன்னைக்கும் ஆட்கள் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அடுத்த தை மாசம் அகத்தியர் மலை ஏறுறவங்க, கயிற்றைப் பிடிக்கும்போது இந்த மனுஷனையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.