மணலில் பிறந்த மோட்டார்
லேண்ட் ரோவர் வண்டியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் வரலாறு

கடற்கரையில் அலை வந்து போன ஈர மணல். அண்ணனும் தம்பியும் அங்கே நிற்கிறார்கள். தம்பி குனிந்து, மணலில் ஒரு வண்டியின் படத்தைப் போடுகிறார். அண்ணன் உற்றுப் பார்க்கிறார்.

இது நடந்தது 1947-ல். இடம், இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் உள்ள ஆங்கிள்சீ என்னும் தீவு. தம்பியின் பெயர் மாரிஸ் வில்க்ஸ். அண்ணனின் பெயர் ஸ்பென்சர் வில்க்ஸ்.

மணலில் போட்ட படத்தைக் கடல் அழித்துவிட்டது. ஆனால் அந்த வண்டி அழியவில்லை. 2016-ம் ஆண்டு வரை, அந்தப் பரம்பரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் தயாராயின. அதுதான் காடு, மலை, பாலைவனம் எங்கும் ஓடிய லேண்ட் ரோவர்.

காட்டில் ஓடும் முரட்டு வண்டியை வீட்டுக்கு வாங்கலாமா? தினமும் அதில் போய் வர முடியுமா? இன்று பல குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்கிறது. மாரிஸ் வில்க்ஸ் வாழ்நாளெல்லாம் யோசித்த கேள்வியும் இதுதான்.

அண்ணன் காட்டிய வழி

மாரிஸ் வில்க்ஸ் 1904-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவில் பிறந்தார். அண்ணன் ஸ்பென்சர் அவருக்கு 13 வயது மூத்தவர். ஸ்பென்சர் நிர்வாகத்தில் கெட்டிக்காரர். தம்பிக்கோ யந்திரத்தின் மீதுதான் மோகம்.

வாலிபரான மாரிஸ் 1926-ல் அமெரிக்கா சென்றார். அங்கே பெரிய மோட்டார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்சில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். திரும்பி வந்து, அண்ணன் இருந்த ஹில்மன் கம்பெனியில் சேர்ந்தார்.

பிறகு ஸ்பென்சர் ரோவர் கம்பெனிக்கு மாறினார். 1930-ல் தம்பியும் அங்கே வந்து சேர்ந்தார். சீக்கிரமே தலைமை என்ஜினீயர் ஆனார்.

அப்போது ரோவர் கம்பெனியின் நிலைமை நன்றாக இல்லை. நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கணக்கைச் சரி செய்தார். தம்பி காரைச் சரி செய்தார். மலிவான கார்களை ஏராளமாகச் செய்து குவிப்பதை விட்டார்கள். குறைவாகச் செய்தாலும் நன்றாகச் செய்வது என்று தீர்மானித்தார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் ரோவர் காரை விரும்பி வாங்கினார்கள். கம்பெனி தலை நிமிர்ந்தது.

யுத்தம் தந்த சோதனை

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ரோவர் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டு, விமான என்ஜின் வேலையில் இறங்கியது. 1940-ல் கவென்ட்ரி நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. அங்கே இருந்த ரோவர் தொழிற்சாலையும் தப்பவில்லை.

1945-ல் யுத்தம் முடிந்தது. கம்பெனி சோலிஹல் என்ற ஊரில் இருந்த பெரிய தொழிற்சாலைக்கு மாறியது. இடம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எஃகு இல்லை!

யுத்தத்தினால் இங்கிலாந்து கடனில் மூழ்கியிருந்தது. அன்னியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. ஆகவே, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனிக்கே எஃகு என்று அரசாங்கம் விதி செய்தது. ரோவர் செய்ததோ உள்ளூர்க் கனவான்களுக்கான கார். வெளிநாட்டில் அதை வாங்க ஆள் அதிகம் இல்லை.

தொழிற்சாலையின் பெரும் பகுதி சும்மா கிடந்தது. வழி பிறக்காவிட்டால் கம்பெனி கவிழ்ந்துவிடும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு போய்விடும்.

வயலுக்கு வந்த ஜீப்

ஆங்கிள்சீ தீவில் மாரிஸுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே வேலை செய்ய ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய வில்லிஸ் ஜீப் அது. சேற்றில் போகும். மேட்டில் ஏறும். மரத்தை இழுக்கும்.

ஆனால் ஜீப் பழசாகிக்கொண்டே வந்தது. இது ஓய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி எங்கே இருக்கிறது என்று தம்பி பதில் சொன்னாராம்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் சுருக்கென்றது. நாமே மோட்டார் செய்கிறவர்கள். நாம் ஏன் அடுத்தவன் வண்டியைத் தேட வேண்டும்? உலகமெங்கும் விவசாயிகளுக்கு இப்படி ஒரு வண்டி வேண்டுமே!

அந்த யோசனைதான் கடற்கரை மணலில் படமாக விழுந்தது.

பற்றாக்குறையே பலம்

1947-ம் ஆண்டிலேயே மாதிரி வண்டி தயாராயிற்று. ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல் அதைக் கட்டினார்கள். டிராக்டரைப் போல, ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்தார். இடது பக்கம், வலது பக்கம் என்று நாட்டுக்கு நாடு மாற்ற வேண்டாம் அல்லவா? ஆனால் ஓட்டிப் பார்த்தபோது அது வசதிப்படவில்லை. தயக்கம் இல்லாமல் கைவிட்டார்கள்.

எஃகு கிடைக்கவில்லையே, என்ன செய்வது? வண்டியின் மேல் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார் மாரிஸ். விமான வேலை முடிந்துவிட்டதால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. துருவும் பிடிக்காது. விலை உயர்ந்த அச்சு யந்திரம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே தகடுகளை வளைவு நெளிவு இல்லாமல் தட்டையாக வைத்தார். பெட்டி போன்ற அந்த உருவம் அழகுக்காக வந்தது அல்ல, சிக்கனத்துக்காக வந்தது!

அடிச்சட்டம் மட்டும் எஃகு. தட்டையான பட்டைகளைப் பெட்டி போல ஒட்டவைத்து, ஏணி வடிவில் அதைச் செய்தார்கள். பெயிண்டும் பச்சை நிறம் ஒன்றுதான். அதுவும் ராணுவத்தில் மிஞ்சிய பெயிண்ட்.

1948-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அரங்கேறியது. விலை 450 பவுன். அந்த விலைக்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது. வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்! ஆனால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். என்ஜின் சக்தியைப் பட்டை போட்டு எடுத்து, மரம் அறுக்கலாம், கதிர் அடிக்கலாம்.

இரண்டு மூன்று ஆண்டுகள் சமாளிப்பதற்காகச் செய்த வண்டி அது. எஃகு கிடைத்ததும் பழையபடி கார் செய்யலாம் என்றுதான் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. வெளிநாடுகளிலிருந்து கேட்பு குவிந்தது. சில ஆண்டுகளில் ரோவர் கார்களைவிட லேண்ட் ரோவரே அதிகமாக விற்றது. 1954-ல் ஒரு லட்சமாவது வண்டி வெளிவந்தது. கம்பெனி பிழைத்தது. தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

வீட்டுக்கு ஆகுமா?

இனிதான் முக்கியமான கட்டம். வயலுக்கு என்று செய்த வண்டியை மக்கள் ஊருக்குள்ளும் ஓட்டத் தொடங்கினார்கள். சந்தைக்குப் போனார்கள். கோவிலுக்குப் போனார்கள். குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது குறைகள் தெரிந்தன.

வில் தகடுகள் விறைப்பாக இருந்தன. மூட்டை ஏற்றினால் நல்லது. வெறும் வண்டியாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். உயரம் அதிகம், வயதானவர்கள் ஏறச் சிரமப்பட்டார்கள். இரைச்சல் காதைத் துளைத்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. நான்கு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி ஓட்டினால் டயர் தேயும், யந்திரம் முறுகும். முதலில் வந்த வண்டிகளில் இதற்காகத் தனி அமைப்பு ஒன்று வைத்திருந்தார்கள். 1950-ல் அதை எளிதாக்கினார்கள். ரோட்டில் பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும். வேண்டும்போது ஓட்டுகிறவரே நான்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குடும்பத்துக்கு என்றே ஒரு வண்டியும் செய்து பார்த்தார்கள். 1948-ன் கடைசியில் அது வந்தது. மரச்சட்டம் வைத்துக் கட்டிய உடம்பு, தோல் ஆசனம், ஏழு பேர் உட்கார இடம். டிக்போர்டு என்ற கம்பெனி அந்த உடம்பைக் கட்டிக் கொடுத்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் வேலை வண்டிக்கு இல்லாத வரி, இந்தச் சொகுசு வண்டிக்கு விழுந்தது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 700 வண்டிகூட விற்கவில்லை. 1951-ல் நிறுத்திவிட்டார்கள்.

தோல்விதான். ஆனால் அது வீண் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, சாதாரண அலுமினியத் தகட்டிலேயே ஏழு பேர் வண்டியும் பத்துப் பேர் வண்டியும் வந்தன. ஆடம்பரம் இல்லை. விலையும் அடக்கம். அவை நன்றாக விற்றன.

வேகம் வேறு, தேவை வேறு

மாரிஸ் வேகத்துக்கு எதிரி அல்ல. விமானத்தில் வைக்கும் டர்பைன் என்ஜினைக் காரில் வைத்து, 1950-ல் உலகத்தையே பிரமிக்க வைத்த கம்பெனியின் என்ஜினீயர் அவர். ஜெட் 1 என்ற அந்தக் கார் 1952-ல் மணிக்கு 150 மைலுக்கு மேல் பறந்தது. ஆனால் எண்ணெயைக் குடம் குடமாகக் குடித்தது! தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. இப்போது லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சியின் சொத்து அது.

லேண்ட் ரோவருக்கும் காருக்கும் நடுவில், ரோடு ரோவர் என்று ஒரு வண்டியையும் 1950-களில் செய்து பார்த்தார்கள். அதுவும் கடைக்கு வராமலே 1958-ல் நின்றுபோயிற்று.

மாரிஸ் படிப்படியாக உயர்ந்து, ரோவர் கம்பெனியின் தலைவர் ஆனார். அந்தப் பதவியில் நீண்ட காலம் இருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1963-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 59. மணலில் படம் போட்ட அதே ஆங்கிள்சீ தீவில்தான் அவர் உயிர் பிரிந்தது.

மருமகன் முடித்த வேலை

மாமன் விட்ட இடத்திலிருந்து மருமகன் தொடர்ந்தார். அவர் பெயர் ஸ்பென் கிங், வில்க்ஸ் சகோதரர்களின் உடன்பிறந்தாள் மகன். அவர் தலைமையில் உருவான ரேஞ்ச் ரோவர் 1970-ல் வந்தது. விறைப்பான வில் தகட்டுக்குப் பதில் சுருள் வில். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். காட்டிலும் போகலாம், ரோட்டிலும் அலுப்பு இல்லாமல் போகலாம். மாமன் தேடிய நடுவழி அதுவே.

ஆனால் காலம் போகப் போக, அது பணக்காரர்களின் அந்தஸ்துச் சின்னமாகிவிட்டது. சேற்றையே பார்க்காத வண்டிகள் நகரத் தெருக்களை அடைத்தன. கிங் மனம் வருந்தினார். ஊருக்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று, 2004-ல் அவரே கண்டித்தார். வண்டியைப் படைத்தவரே சொன்னது இது!

2008-ல் லேண்ட் ரோவர் கம்பெனியை நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸ் விலைக்கு வாங்கியது. பழைய பரம்பரையின் கடைசி வண்டி 2016-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. 68 ஆண்டு ஓட்டம் முடிந்தது.

நமக்கு ஒரு பாடம்

மாரிஸ் வில்க்ஸ் முதலில் பார்த்தது வண்டியை அல்ல, வேலையை. வயலில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தார். அதற்கு ஏற்ற வண்டியைச் செய்தார்.

முரட்டு வண்டி வாங்க ஆசைப்படுகிறவர்களும் அப்படியே பார்க்கலாம். வாரத்தில் எத்தனை நாள் சேறும் மேடும் குறுக்கிடும்? பாட்டி ஏறி உட்கார முடியுமா? நம் சந்தில் வண்டி திரும்புமா? மாதம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?

மலைத் தோட்டத்திலோ மண் பாதையிலோ வாசம் செய்கிறவர்களுக்கு ஏணிச் சட்டமும் நாலு சக்கர இழுவையும் உயிர்த்துணை. தார் ரோட்டிலேயே போய் வருகிறவர்களுக்கு அவை வீண் சுமை, வீண் செலவு. வருஷத்தில் ஒரு நாள் வரும் பயணத்துக்காக, மற்ற 364 நாளும் இடுப்பு வலிக்க வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, நம் தேவையை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எந்த வண்டி என்பது தானாகவே தெரியும். மாரிஸ் வில்க்ஸுக்கு மணலே போதுமானதாக இருந்தது!