ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் (1839 – 1903)

மாணவர்களே, இரசாயனவியலில் நீங்கள் கற்கும் கிப்சின் சக்தி இவரது பெயரைத் தாங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் பிறந்த இவர், 1871 இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். முதல் ஒன்பது ஆண்டுகள் சம்பளமின்றியே கடமையாற்றினார்.

பல்லினப் பதார்த்தங்களின் சமநிலை பற்றிய இவரது ஆய்வு 1876 இலும் 1878 இலும் இரு பகுதிகளாக, ஏறத்தாழ 300 பக்கங்களில் வெளிவந்தது. அவத்தை விதி இதிலேயே அடங்கியுள்ளது. ஆயினும் கனெற்றிக்கட் மாநிலச் சங்கமொன்றின் சஞ்சிகையில், கடினமான கணித நடையில் வெளியானமையால் அதனை வாசித்தோர் சிலரே. 1892 இல் ஒஸ்வால்ட் ஜேர்மன் மொழியில் பெயர்த்த பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. 1900 இல் ரூசெபூம் அவ்விதியை இரும்பு–காபன் கலப்புலோகங்களுக்குப் பிரயோகித்தார். இன்று திரவிய விஞ்ஞானத்தின் அத்திவாரம் அதுவே.

நினைவிற் கொள்க: ஓர் ஆய்வின் பெறுமதியை, அது வெளியான காலத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு மாத்திரம் நீங்கள் அளவிடலாகாது.