தாயின் ஊரைப் பெயராய்ச் சூடியவர்

எழுதுவோர் தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் பெயருக்குள் அவர்தம் வாழ்வின் ஒரு பகுதி ஒளிந்திருக்கும். மரப்பாவைச் சிறுவன் பினோக்கியோவைப் படைத்த கார்லோ கொல்லோடியின் பெயரில் ஒளிந்திருப்பது அவருடைய தாய் பிறந்த ஊர்.

அவருடைய இயற்பெயர் கார்லோ லொரென்சினி. 1826 நவம்பர் 24 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை தொமேனிகோ, ஜினோரி என்னும் பிரபுக் குடும்பத்தின் சமையற்காரர். தாய் ஆஞ்சலினா அதே மாளிகையில் பணிபுரிந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் கார்லோ. உடன்பிறந்தோர் பலர் இளமையிலேயே மறைந்தனர். வறுமையும் மரணமும் குடிபுகுந்திருந்த அவ்வீட்டிலிருந்து அவ்வப்போது பிள்ளை அனுப்பிவைக்கப்பட்ட இடம், தஸ்கனியின் மலைச்சரிவில் படிப்படியாய் இறங்கும் வீடுகளைக் கொண்ட கொல்லோடி என்னும் சிற்றூர். அங்கே கார்சோனிப் பிரபுவின் மாளிகையும், புகழ்பெற்ற தோட்டமும் இருந்தன. தாய்வழிப் பாட்டனார் அப்பண்ணையின் காரியஸ்தர்.

பிரபுக் குடும்பத்தின் உதவியால் பாதிரியார் ஆவதற்குரிய பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆயினும் துறவு அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை. புளோரன்ஸில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கேதான் எழுத்தின் மீதான பற்று வேர்கொண்டது. 1848இல் ஆஸ்திரிய ஆதிக்கத்துக்கு எதிராக இத்தாலியர் கிளர்ந்தெழுந்தபோது தொண்டராய்ப் போர்க்களம் சென்றார். அதே ஆண்டில் 'விளக்கு' என்று பொருள்படும் பெயரில் ஓர் அங்கத ஏட்டையும் நிறுவினார். மறு ஆண்டே அது அடக்கப்பட்டது. 1859இல் மீண்டும் போர்முனைக்குச் சென்று திரும்பியவர், பதினோர் ஆண்டுகள் அணைந்து கிடந்த அவ்விளக்கை 1860இல் மறுபடி ஏற்றினார்.

முப்பது வயதையொட்டிய அந்தக் காலத்தில்தான் கொல்லோடி என்னும் புனைபெயர் அவர் எழுத்துகளின் கீழ் இடம்பெறலாயிற்று. போராளி என்ற பெயரோ, பிறந்த பெருநகரின் பெயரோ அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தாயின் ஊரே போதுமானதாயிற்று.

ஒன்றுபட்ட இத்தாலி பிறந்தது. ஆனால் இளமையில் கண்ட கனவின் உருவில் அது பிறக்கவில்லை என்ற ஏமாற்றம் அவருக்கு இருந்தது. அரசு அலுவலகத்தில் பணியாற்றியபடியே நாடகங்களும் நையாண்டிக் கட்டுரைகளும் எழுதினார். பிரெஞ்சுத் தேவதைக் கதைகளை மொழிபெயர்த்தபோது, ஐம்பதை எட்டும் வயதில், சிறுவர் உலகம் அவருக்குத் திறந்தது. பள்ளிச் சிறுவர்க்கான அவருடைய வாசக நூல்கள் வரவேற்புப் பெற்றன.

1881இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஜூலை 7 அன்று ஒரு சிறுவர் வார இதழில் மரப்பாவையின் கதை தொடங்கிற்று. சூதாட்டக் கடன் நெருக்கியதால் எழுதினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எழுதியதை வெறும் பிள்ளை விளையாட்டு என்று தாமே தாழ்த்திக் கூறி அனுப்பியவர், தக்க ஊதியம் தரவேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொண்டார். பதினைந்தாம் அத்தியாயத்தில் பினோக்கியோவைக் கருவாலி மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்தும் விட்டார். சிறுவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. கதை தொடரவேண்டும் என்ற வேண்டுகோள்கள் குவிந்தன. அதன் பின்னரே பாவை உயிர்பெற்றது. சுறாவின் வயிற்றில் தந்தையைக் கண்டெடுத்தது. இறுதியில் மனிதச் சிறுவனாயிற்று. 1883இல் கதை நூலாய் வெளிவந்தது. ஆசிரியர் கைவிட்ட பாத்திரத்தை வாசகர் மீட்டெடுத்த வரலாறு இது.

கொல்லோடி மணம் செய்துகொள்ளவில்லை. 1886இல் தாயை இழந்தார். 1890 அக்டோபர் 26 அன்று புளோரன்ஸில் திடீரென உயிர்நீத்தார். சான் மினியாத்தோக் குன்றின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். தம் பாவை உலக மொழிகளெல்லாம் பேசப்போவதையோ, 1940இல் டிஸ்னியின் திரைப்படமாய் வலம்வரப்போவதையோ அவர் அறியவில்லை.

அவர் பெயரைக் கடனாகத் தந்த சிற்றூர்தான் அதன் பின்னர் விழித்துக்கொண்டது. 1951இல் அவ்வூர் அடங்கிய பேஷா நகரின் மேயர் ரொலாந்தோ அன்சிலொத்தி, பினோக்கியோவுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப முனைந்தார். போட்டியில் 84 சிற்பிகள் கலந்துகொண்டனர். எமிலியோ கிரேகோவின் வெண்கலச் சிலையும் வெந்தூரினோ வெந்தூரியின் ஓவியக்கல் சதுக்கமும் பரிசினைப் பகிர்ந்துகொள்ள, 1956இல் பினோக்கியோ பூங்கா திறக்கப்பட்டது. பின்னர், கதையில் நரியும் பூனையும் வயிறார உண்டுவிட்டுச் செலவைப் பாவையின் தலையில் கட்டிச் சென்ற செவ்விறால் விடுதி, கட்டடக்கலைஞர் மிக்கெலூச்சியின் கைவண்ணத்தில் உண்மையான உணவகமாய் எழுந்தது. 1972இல் பூங்கா விரிந்து, கல்லாலான பெருஞ்சுறாவும் குளத்தில் வாய்பிளந்தது. பாட்டனார் காரியஸ்தராய் இருந்த பிரபுவின் தோட்டத்தைப் பேரனின் பாவையைக் காண வருவோர் இன்று உலாவிப் பார்க்கின்றனர்.

கதையில் கொல்லோடி என்ற ஊர் எங்கும் வருவதில்லை. அது ஆசிரியர் பிறந்த ஊரும் அன்று. கற்பனைச் சிறுவனைக் காட்டி ஒரு சிற்றூர் பிழைக்கிறதே என்று ஏளனம் செய்ய இடமுண்டு. வருவோரில் பெரும்பாலோர் பாவையை அறிவர். படைத்தவரை அறியார் என்பதும் உண்மையே. போர்க்களம் கண்ட தொண்டனும், அணைந்த விளக்கை மீண்டும் ஏற்றிய இதழாளனும் நீண்ட மூக்கின் நிழலில் மறைந்துபோயினர். ஆயினும் அவ்வூருக்கும் அவருக்கும் இடையே ஓர் உரிமை உண்டு. அது நிலத்தாலோ கதையாலோ வந்ததன்று. ஒரு தாய் பிறந்த மண் என்பதால் வந்தது. வறிய பணிப்பெண்ணின் மகன், தாயின் ஊரிடம் பெயரைப் பெற்றார். மரத்துண்டில் செய்த ஒரு பிள்ளையை அதற்கு ஈடாக விட்டுச்சென்றார். அந்தப் பிள்ளைதான் இன்றும் அவ்வூருக்குச் சோறிட்டு வருகிறது.