நிலம் தேடிய விஞ்ஞானி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., தாவரவியல்)

விஞ்ஞான உலகில் புகழ் பெற்ற பெருமக்கள் பலர். அவர்களுள் ஏர் பிடித்துக் காய்த்த கையோடு ஆராய்ச்சிக் கூடத்திற்குள் நுழைந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலை விஞ்ஞானி என்று அவரைப் பலரும் அறிவர். ஆனால் கல்லூரியில் சேருவதற்கு முன், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில், வறண்ட சமவெளி ஒன்றில் தமக்கென நிலம் பெற்றுத் தன்னந்தனியே குடிசை கட்டி வாழ்ந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. என் தந்தையார் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை பயிரிடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கார்வரின் வாழ்வில் அந்தப் பகுதியே என் நெஞ்சை அதிகம் கவர்ந்தது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூரில், 1864ஆம் ஆண்டையொட்டி, அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தார் கார்வர். கைக்குழந்தையாய் இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. எசமானராயிருந்த மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் சிறுவனை வளர்த்தனர். நோஞ்சான் உடம்பு, வயல் வேலைக்கு ஆகாது என்று வீட்டு வேலையில் விடப்பட்டான். சமையலும் சலவையும் தையலும் கற்றான். ஓய்ந்த நேரத்தில் காட்டுச் செடிகளைப் பறித்து வந்து வளர்த்தான். வாடிய செடியைப் பிழைக்க வைக்கும் கைராசியைக் கண்டு அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைத்தனர்.

உள்ளூர்ப் பள்ளி கறுப்பினக் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. எனவே பத்துப் பன்னிரண்டு வயதில் நியோஷோ என்ற ஊருக்குச் சென்று, மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையார் வீட்டில் வேலை செய்துகொண்டே படித்தான். பின்னர் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்து, துணி வெளுத்தும் சமைத்தும் உயர்நிலைக் கல்வியை முடித்தார். ஹைலண்ட் என்ற ஊரிலிருந்த கல்லூரி ஒன்று கடிதம் மூலம் அவருக்கு இடம் தந்தது. மகிழ்ச்சியோடு அங்கே போய் நின்றார். தோலின் நிறத்தைக் கண்டதும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கல்விக் கதவு மூடிய பிறகுதான் அவர் நிலத்தை நாடினார்.

அக்காலத்தில் நிலம் பெறுவதற்கு ஒரு வழி இருந்தது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பியவர் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரசு நிலத்திற்கு மனுச் செய்யலாம். அங்கே வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அவருக்கே சொந்தம். விடுதலை பெற்ற அடிமைகளும் இவ்வுரிமையைப் பெற்றார்கள். அந்நிலங்கள் செவ்விந்தியப் பழங்குடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நிலம் தேடுவோர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் நீர், பிறகு மண், அதன்பின் விறகும் மரமும், கடைசியாகச் சந்தைக்குப் போகும் வழி. கார்வர் 1886இல் சென்றடைந்த இடம் மேற்குக் கன்சாஸில் நெஸ் மாவட்டத்துப் பீலர் என்னும் குடியிருப்பின் அருகே இருந்தது. மேற்குத் தீர்க்கரேகை நூறாம் பாகையை ஒட்டிய பகுதி அது. அந்தக் கோட்டுக்கு மேற்கே ஆண்டு மழை பெரும்பாலும் இருபது அங்குலத்திற்கும் குறைவு. பாசனமின்றி வெள்ளாமை நிலைக்காது என்று ஜான் வெஸ்லி பாவல் என்ற நிலவியல் அறிஞர் 1878இலேயே அறிக்கை தந்திருந்தார். அங்கே மேய்ச்சலை நம்பி வாழ ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டார். யார் கேட்டார்கள்? உழுத இடத்தில் மழை தானே வரும் என்ற நம்பிக்கை அன்று பரவியிருந்தது. நல்ல மழை பெய்த சில ஆண்டுகள் அந்த நம்பிக்கைக்கு உரமிட்டன. கிழக்கே போதுமானதாயிருந்த 160 ஏக்கர் மேற்கே பலரைக் கடனாளியாக்கியது.

வீடு கட்ட அங்கே மரமில்லை. புல்வேர் பின்னிய மண்ணைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து, செங்கல் போல் அடுக்கிச் சுவர் எழுப்பினார் கார்வர். பதினேழு ஏக்கரை உழுது மக்காச்சோளமும் காய்கறிகளும் விதைத்தார். பழமரக் கன்றுகளும் நட்டார். குளிர்காலத்தில் பனிப்புயல் வீசும் அந்த வெளியில், வீட்டையொட்டிச் செடிகளுக்கென்று ஒரு கூடமும் அமைத்தார். கைச்செலவுக்குப் பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போனார். தனிமையில் ஓவியம் தீட்டினார். மண்ணையும் கற்களையும் ஆராய்ந்தார். 1888இல் வங்கியில் 300 டாலர் கடன் பெற்றார். அதன்பின் அந்த நிலத்தில் அவர் நெடுநாள் தங்கவில்லை.

இதைத் தோல்வி என்பதா? அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைப்பு மட்டும் இருந்தால் நிலம் விளையாது, நிலத்தின் இயல்பை அறியும் அறிவும் வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சமவெளி புகட்டியது என்றே நான் கருதுகிறேன்.

அயோவா மாநிலம் சென்ற கார்வர், 1890இல் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். சக மாணவர்களின் துணிகளை வெளுத்து வயிற்றைக் கழுவினார். அவர் வரைந்த செடிகளைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட் அம்மையார், தாவரவியல் படிக்குமாறு அவரைத் தூண்டினார். ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1891இல் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894இல் இளம் அறிவியல் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டு, கறுப்பின மக்களுக்காக அலபாமாவில் டஸ்கீகி நிறுவனத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன் அவரை அழைத்தார். வசதியான வடபுலத்தை விட்டுக் கார்வர் அங்கே சென்றார். ஆய்வுக்கூடம் என்ற பெயருக்குக் கூட அங்கே ஒன்றுமில்லை. மாணவர்களோடு குப்பைமேடுகளில் புட்டிகளையும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களையும் பொறுக்கிக் கருவிகள் செய்துகொண்டார். சுற்றிலும் இருந்த நிலமோ ஆண்டாண்டாகப் பருத்தி ஒன்றையே விதைத்துச் சத்திழந்து கிடந்தது. வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் குடியானவர்கள் கடனில் மூழ்கியிருந்தனர். வேறு நிலம் தேடிப் போக அவர்களுக்கு ஏது வழி? இருக்கும் மண்ணைத்தான் நல்ல மண்ணாக்க வேண்டும்.

அதைத்தான் கார்வர் செய்து காட்டினார். விலை கொடுத்து வாங்கும் உரத்திற்குப் பதில், காட்டு இலைமக்கையும் சதுப்பு நிலச் சேற்றையும் இடச் சொன்னார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைச் சுழற்சி முறையில் பயிரிடச் சொன்னார். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது; செடியின் கழிவு மண்ணில் மக்கும்போது அச்சத்து அடுத்த பயிருக்குக் கிடைக்கிறது. நம் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் நாம் காணும் அதே முடிச்சுகள்தாம்! கல்லூரிக்கு வர இயலாத உழவரிடம் கல்லூரியே செல்லட்டும் என்று 1906இல் குதிரை வண்டி ஒன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுவெளியீடுகளை அவர் எழுதினார். 1916இல் வந்த வெளியீடு நிலக்கடலையைச் சமைக்க 105 முறைகளைக் கூறுகிறது.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று, 1884இலேயே கனடா நாட்டவர் ஒருவர் கடலைப் பசைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கார்வரின் பெருமைக்கு அந்தப் பொய்ப் புகழ் தேவையுமில்லை. ஏழை உழவனின் தட்டில் சத்துணவையும் அவன் மண்ணில் உயிரையும் சேர்க்க முயன்றாரே, அதுவே போதும். நாற்பத்தேழு ஆண்டுகள் டஸ்கீகியிலேயே பணியாற்றி 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். மணம் புரியவில்லை. சேமித்த பணத்தையும் ஆராய்ச்சிக்கே விட்டுச் சென்றார்.

நண்பர்களே! மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடலாம் என்ற பேச்சு எழும். இப்போது எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. படித்த பிள்ளை இனி மண்ணைத் தொடாது, நிலம் எதற்கு என்று உறவினர் கேட்கிறார்கள். விடை இன்னும் முடிவாகவில்லை. கடன்காரருக்கு என் கட்டுரை விடையாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் என் தந்தையாரிடம் ஓராண்டு அவகாசம் கேட்டிருக்கிறேன். விற்பதற்கு முன் அந்த மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பருவம் பயிரை மாற்றிப் பார்க்க வேண்டும். இலைமக்கு இட்டுப் பார்க்க வேண்டும். கார்வர் நிலத்தை விட்டுப் படிக்கப் போனார்; படித்த பின் நிலத்துக்காகவே உழைத்தார். முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்திருக்கும் நம்மில் சிலராவது அந்தப் பாதையில் நடந்தால், நம்மைப் படிக்க வைத்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.