கணினி மொழிக்குப் பெயர் தந்தவர்

கணினி நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் மொழிகளுள் ஒன்று ஹாஸ்கல். அமெரிக்கக் கணித அறிஞர் ஹாஸ்கல் புரூக்ஸ் கர்ரியின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

கர்ரி 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்லிஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பாஸ்டன் நகரில் பேச்சுக்கலைப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். 1916ஆம் ஆண்டு மருத்துவராகும் எண்ணத்துடன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கர்ரி, கணிதத்தால் ஈர்க்கப்பட்டு அதிலேயே பட்டம் பெற்றார். பின்னர் மின்பொறியியலும் இயற்பியலும் பயின்று, மீண்டும் கணிதத்திற்கே திரும்பினார்.

1922ஆம் ஆண்டு தருக்கவியல் நூல் ஒன்றைப் படித்தபோது, ஒரு குறியீட்டின் இடத்தில் மற்றொன்றை இடும் விதி ஏனைய விதிகளைவிடச் சிக்கலாக இருப்பதைக் கண்டார். அதனை எளிய கூறுகளாகப் பிரிக்க முயன்றார். ஆனால், 1927ஆம் ஆண்டு பிரின்ஸ்டனில் பணியாற்றியபோது அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. தாம் சிந்தித்துவந்த கருத்தின் அடிப்படையை மோசஸ் ஷோன்ஃபின்கல் என்னும் அறிஞர் 1924ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார்!

கர்ரி மனம் தளரவில்லை. அக்கட்டுரை பிறந்த ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கே சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 1930ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். ஷோன்ஃபின்கல் தமக்கு முன்னோடி என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பல உள்ளீடுகள் தேவைப்படும் ஒரு பணியை, ஒவ்வோர் உள்ளீடாகப் பெறும் படிகளாக மாற்றும் முறை இன்று கர்ரியின் பெயரால் வழங்குகிறது. சான்றாக, கூட்டல் பணிக்கு முதலில் 3ஐ மட்டும் கொடுத்தால், எந்த எண்ணுடனும் 3ஐக் கூட்டும் புதிய பணி கிடைக்கும். அதற்கு 4ஐக் கொடுத்தால் விடை 7.

பென்சில்வேனியாவில் 1966 வரை பேராசிரியராக விளங்கிய கர்ரி, தொடக்ககாலக் கணினியான எனியாக்கிலும் பணியாற்றினார். 1982ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலமானார். 1987ஆம் ஆண்டு ஆய்வாளர் குழு ஒன்று புதிய மொழியை உருவாக்கத் தொடங்கியது. 1990இல் அம்மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. சுவையான செய்தி என்னவென்றால், கர்ரிக்கு ஹாஸ்கல் என்னும் தம் பெயர் பிடிக்காது என்று அவருடைய துணைவியார் பின்னர் தெரிவித்தார்.

ஹாஸ்கல் மொழியில் ஒரு சார்பு, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். வெளியே உள்ள எதையும் மாற்றாது. இம்மொழியில் நிரல் எழுதுவோர் லினக்ஸ் கணினிகளிலும் இத்தகைய ஒழுங்கை நாடுகின்றனர். ஒரு திட்டத்திற்குரிய மென்பொருள் தொகுப்பின் பதிப்பு மற்றொன்றின் பதிப்போடு மோதாதிருக்க, கபால், ஸ்டாக், நிக்ஸ் போன்ற கருவிகளால் ஒவ்வொரு திட்டத்திற்கும் தனிச்சூழல் அமைக்கின்றனர். சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்துத் தெளிவு காண விழைந்தவரின் பெயர் அம்மொழிக்குப் பொருத்தமானதே.