கபிலர் நின்ற வாயில்கள்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்றான். மலை சேரன் வசமாயிற்று. வென்றவன் ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரொலியை நற்றிணையில் பதிவு செய்தவர் கபிலர்.

அவருடைய நண்பன் பாரிக்கும் அதே முடிவே வாய்த்தது. மூவேந்தர் பகையில் அவன் மாண்டான். அவனுடைய மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பிலிருந்து இறங்கிய கபிலர், அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனை வேண்டினார். ஆதரவிழந்த பெண்களுக்கு அன்று மணமே அடைக்கலம். அவன் இசையவில்லை. இருங்கோவேளும் மறுத்தான், அவனோ துவரையிலிருந்து வந்த குடியின் 49ஆம் தலைமுறையினன்! மூவேந்தருக்கு அஞ்சினர் போலும்.

மறுத்தவரைக் கேட்க அன்று விதியில்லை. இன்று மட்டும் என்ன? 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது; சில நாடுகள்மீது மட்டும் விழும் சுமையைப் பகிர்வதைப் பற்றி முகவுரையில் பேசுவதோடு நின்றுவிடுகிறது. 2018ஆம் ஆண்டின் உலக உடன்பாடு எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இந்தியா அந்த ஒப்பந்தத்திலேயே சேரவில்லை.

பாரியின் மகளை மலையர்க்கு அளித்தபின் பெண்ணையாற்றில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூரிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டு. இறுதியில் கதவு திறந்த அந்த மலையர் குடி, ஓரியைக் கொன்ற காரியின் குடி.