பூட்டுக் கொல்லர் மகன் தந்த அளவுகோல்



ஓம் விதி தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அந்த ஓம் என்பவர் யார், அந்த ஒரு வரிக்காக அவர் பட்ட பாடு என்ன என்று கேட்டதுண்டா? லேப் ரெக்கார்டில் இடமில்லாத அந்தக் கதையை இம்மலரில் சொல்ல விரும்புகிறேன்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தகப்பனார் பூட்டு செய்யும் கொல்லர். தாமாகவே கணக்கும் விஞ்ஞானமும் கற்று, பிள்ளைகளுக்கும் வாத்தியார் ஆனவர். பத்து வயதில் ஓம் தாயை இழந்தார். 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கியும் வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நல்லதொரு ஆய்வுக்கூடம் இருந்தது.

அக்காலத்து பேட்டரியை நம்ப முடியாது. சர்க்யூட்டைச் சேர்த்ததும் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். அளவு மாறினால் அது கம்பியின் குணமா, பேட்டரியின் கோளாறா? ஓம் இதற்கு வழி கண்டார். செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஆடாத வோல்டேஜ் கிடைத்தது. இன்று உலைகளின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் இதே தத்துவம்தான். வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளைப் பொறுமையாக அளந்து விதியைக் கண்டார். 1827-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

பாராட்டு வந்ததா? இல்லை. சொந்த நாட்டிலேயே பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார்; நல்ல பதவி இல்லாமலே சில ஆண்டுகள் ஓடின. 1833-ல் அவருக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? நூரெம்பர்க் நகரத்துப் பாலிடெக்னிக்! ஆம், அவர் நம்ம ஆள்! 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கியது. 1852-ல்தான் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி. இரண்டே ஆண்டில், 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? எங்கள் எளாவூர்ப் பக்கம் பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று சும்மா விடாது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அங்கே திறந்த வெளியில் விறகு போட்டுக் கிளிஞ்சல் சுடும் சூளை ஒன்றில், காற்றடிக்கும் புளோயர் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 230 வோல்ட் சுத்தமாகக் காட்டியது. கரண்ட் சரியாத்தான் வருது, மோட்டார்தான் போச்சு என்று சூளைக்கார அண்ணன் புது மோட்டாருக்குக் கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். தீ இறங்கினால் உள்ளே போட்ட கிளிஞ்சலும் அரைவேக்காடாகிவிடும்.

ஓம் விதியை வைத்துப் பாருங்கள். வழியில் ஒரு ஜாயிண்டில் 4 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் இழப்பு பூஜ்யம். மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். மோட்டார் கிளம்ப 15 ஆம்பியர் இழுத்தால் 60 வோல்ட் அந்த ஜாயிண்டே விழுங்கிவிடும். மிச்சம் 170-ல் மோட்டாரின் திருகுவிசை ஏறக்குறைய பாதிதான். அப்புறம் எப்படிச் சுற்றும்?

எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரோடு சேர்ந்து, ஜாயிண்டின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து, மோட்டாரை ஒரு நொடி மட்டும் ஓட விட்டுப் பார்த்தோம். நல்ல ஜாயிண்டில் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். இங்கே முள் எகிறியது! மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வைத்தோம். களிம்பேறிய முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டோம். எர்த் கம்பியையும் பார்த்து முறுக்கினோம். புளோயர் சுற்றியது, அண்ணனுக்குக் கடன் மிச்சம்.

நண்பர்களே! பழுது பார்ப்பது என்பது சாமான் மாற்றுவதல்ல, அளப்பது. அதுவும் லோடு ஓடும்போது அளப்பது. டிப்ளமோதானே என்று யாராவது இளப்பமாகப் பேசினால் நூரெம்பர்க் பாலிடெக்னிக் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைக் கையில் எடுங்கள்!